பழந்துப்பாக்கியின் குறியும் கைவினைஞர் பணியும்

பரங்கிமலையினின்று பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், போரூரைக் கடந்து பூந்தமல்லியை அணுகுமுன் அமைந்துள்ள ஊர் காட்டுப்பாக்கம். மனைகளும் கடைகளும் மிடைந்து சென்னையின் மேலைப் புறநகராகிவிட்ட இவ்வூரில், காடு என்பது இன்று பெயரளவிலேயே எஞ்சியுள்ளது. இவ்வூர் அமைந்த சாலைக்கோ படைவரலாறு ஒன்று உண்டு. கீழ்முனையிலுள்ள பரங்கிமலை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கும்பினியாரின் சென்னைப் பீரங்கிப்படைக்குத் தலைமையிடமாக விளங்கியது. மேல்முனையிலுள்ள பூந்தமல்லியில் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைவீரர்க்குரிய தங்குநிலையம் இருந்தது. வடக்கேயுள்ள ஆவடி, இரண்டாம் உலகப் போரின்போது படைப்பண்டசாலையாகி, 1960-களில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் பெற்றது. தமிழ்நாடு சிறப்புக் காவற்படையின் அணிகள் சிலவற்றிற்கும் அதுவே இருப்பிடம்.

இப்பகுதி மக்களுக்குக் கண்பழகிய படைக்கலம், காவலர் தோளில் தொங்கிய மரக்கட்டைத் துப்பாக்கியே ஆகும். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலமாதலின் அதனை ‘த்ரீ நாட் த்ரீ’ என்றே எல்லாரும் வழங்கினர். கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துத் தள்ளுவதுபோல் கையால் இயக்கித் தோட்டாவை உட்செலுத்தும் இவ்வகையினைத் தாழ்ப்பாள் துப்பாக்கி என்று ஈண்டுக் குறிக்கின்றோம். 2008-இல் மும்பையில் நிகழ்ந்த தாக்குதலின்போது காவலர் கையில் இத்துப்பாக்கி இருந்தது கண்டு, ‘பழையது, குறி நில்லாது’ என்ற கருத்து நாடெங்கும் வலுப்பெற்றது. விரைந்து சுடும் தானியங்கிக் கருவிகளுக்கு அது நிகராகாது என்பது உண்மை. ஆனால் குறி நில்லாது என்பது வேறு கூற்று. பழமையால் துப்பாக்கியின் குறி கெடுமா? கெடுமாயின் எவ்வுறுப்பில் கெடுகின்றது? அதனைச் செம்மை செய்ய வல்லார் யார்? செய்ய உரிமை உடையார் யார்? இறுதி வினாவே வரலாற்று மாணவர்க்கு மிக இன்றியமையாதது என்பது எம் கருத்து.

பழந்தமிழர் வில்லாண்மையைப் போற்றியதைப் புறநானூறு நன்கு காட்டும். வல்வில் ஓரியின் அம்பு ஒன்றே யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்த செய்தியை வன்பரணர் 152-ஆம் பாட்டிற் பாடியுள்ளார். அங்கே புகழப்படுவது அம்பின் ஊடுருவும் ஆற்றல். வில்லைச் செய்த கைவினைஞன் பெயர் பாட்டில் இல்லை. படைக்கலத்தைப் பாடுவோர் பெரும்பாலும் ஏந்தியவனைப் பாடினரேயன்றி இயற்றியவனைப் பாடிற்றிலர். இக்குறை நம் புலவர்க்கு மட்டும் உரியதன்று. பிறநாட்டு வீரப்பாடல்கள் சிலவற்றிலும் இதனைக் காணலாம்.

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியினின்று இந்துத்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. திருக்குறளின் 12-ஆம் பாவில் இதே எழுத்துகளால் ஆகிய சொல் வருவது மாணவர் நகைத்து மகிழும் செய்தி. ஆங்கு அது துப்பு ஆக்கி, அஃதாவது உணவை ஆக்கி என்று பிரிந்து, மழையின் தொழிலை உணர்த்தும். பெயர் அயன்மொழியினதாயினும் உறுப்புகளுக்கும் வினைகளுக்கும் தமிழர் தம் வீட்டுச் சொற்களையே ஈந்தனர். வெடிப்பொடி மருந்தாயிற்று, சிறு ஈயமணி ரவையாயிற்று, மருந்தும் குண்டும் இட்டு இடித்தல் கெட்டித்தலாயிற்று, தீக்கல்லையோ திரியையோ தாங்கி விழும் உறுப்பு குதிரையாயிற்று. குதிரை என்பதே வீணையின் தந்திகளைத் தாங்கும் பாலத்திற்கும் பெயர் என்பதைத் தமிழ்ப் பேரகராதி காட்டும். இவ்வொப்புமை பின்னர் நமக்குப் பயன்படும்.

பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கிகள் உட்குழல் மழமழப்பானவை. விரைந்து கெட்டித்தற்பொருட்டுக் குழலினும் சிறிய குண்டே இடப்படும். அது குழலினுள் இருபுறமும் மோதி, கடைசியாக மோதிய பக்கத்திற்கு ஏற்ப வெளிச்செல்லும். நூறு கெஜத்திற்கு அப்பால் ஓர் ஆளைக் குறித்துச் சுடுதல் பெரும்பாலும் நற்பேற்றைப் பொறுத்ததே. சிவகங்கைச் சின்ன மருது தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்பித்ததை, ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்சு வெல்சு 1830-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் நன்றியோடு எழுதியுள்ளார். கைதேர்ந்தான் எறியும் வளரி நூறு கெஜத்தினுள் குறி தவறாது என்பது அவர் கண்ட செய்தி. அக்காலத்துத் துப்பாக்கியை விட வளரியே குறித்திறன் மிக்கது என்று கூறினும் மிகையாகாது.

1799-இலும் 1801-இலும் நிகழ்ந்த பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், 1801 திசம்பர் 1-ஆம் நாள் கும்பினி ஆட்சியினர் விடுத்த அறிக்கை தென்பாண்டிச் சீமையிற் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு ஆணையிட்டது, கோட்டைகளும் இடிக்கப்பட்டன. படைக்கலம் ஏந்துவார் கையினின்று நீங்கவே, அதனைச் செய்தும் செப்பனிட்டும் வந்த கொல்லர், தச்சர் கையினின்றும் அத்தொழில் நீங்கலாயிற்று. வரலாற்று நூல்கள் முன்னதைக் கூறிப் பின்னதை விட்டுவிடுகின்றன.

குறித்திறன் துப்பாக்கிக்கு வந்தது குழலின் உட்புறத்தே திருகுபோல் ஓடும் வரிகளால். அவ்வரிகள் குண்டைப் பற்றிச் சுழற்ற, சுழலும் பம்பரம் சாயாது நிற்றல்போல் குண்டும் தன் நெறியில் நிலைத்துச் செல்லும். இத்திருகுவரி கொண்ட 1853-ஆம் ஆண்டு என்பீல்டு துப்பாக்கி இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்கப்பட்டபோது, அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றி எழுந்த ஐயம் 1857-ஆம் ஆண்டு எழுச்சிக்கு ஒரு காரணமாயிற்று. இஃது எல்லாரும் அறிந்தது. அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். எழுச்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கென அதே வடிவில், ஆனால் திருகுவரி இல்லாத மழமழப்புக் குழலோடு, வேறு துப்பாக்கிகள் செய்து வழங்கப்பட்டன. புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. உள்ளே குறி இல்லை. ஆட்சியாளர் பறித்தது துப்பாக்கியை அன்று, அதன் குறித்திறனை என்பதை நாம் உற்று நோக்குதல் வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் குடிமக்களுக்கு உரிமம் இன்றித் துப்பாக்கி கூடாது என்று விதித்து, ஐரோப்பியரை அவ்விதியினின்று விலக்கியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்பொழுதுதான் அக்காலத்து ஆட்சிநெறி தெளிவாகும்.

‘த்ரீ நாட் த்ரீ’யின் வரலாறு 1888-இல் தொடங்குகின்றது. ஸ்காத்துலாந்திற் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஜேம்சு பாரிசு லீ அமைத்த தாழ்ப்பாளும் தோட்டாப்பெட்டியும், மெட்போர்டு அமைத்த ஆழமற்ற திருகுவரியும் கூடியது முதல் வடிவம். கார்டைட் என்னும் புதிய மருந்தின் கடுவெப்பம் அவ்வரிகளை விரைவில் அரித்தமையால், 1895-இல் என்பீல்டு தொழிற்சாலையார் ஆழமிக்க ஐந்து வரிகளை அமைத்தனர். லீ-என்பீல்டு என்னும் பெயர் அதனால் வந்தது. 1907-இல் உருப்பெற்ற குறுவடிவமே இந்தியாவெங்கும் பரவியது. கல்கத்தாவிற்கு அண்மையில் ஈசாப்பூரில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இதனைப் பேரளவிற் செய்தது. பயின்ற வீரன் ஒருவன் 300 கெஜத் தொலைவிலுள்ள இலக்கில் ஒரு நிமையத்தில் 15 முறை குறிபார்த்துச் சுடவேண்டும் என்பது 1914-க்கு முந்திய பிரித்தானியப் படையின் பயிற்சிமுறை. கருவி செம்மையாக இருந்தாலன்றி இது கைகூடாது.

இனி, குறி எங்கே வாழ்கின்றது என்பதைக் காண்போம். பொதுவாக மக்கள் குழலையே நோக்குவர். குழல் தேய்ந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, புதுக்குழல் பொருத்தவேண்டும். ஆனால் குழல் நன்றாக இருந்தும் குறி நில்லாத துப்பாக்கிகள் பல. அங்கே நோய் மரத்தில் உள்ளது. குறுவடிவ லீ-என்பீல்டின் குழல் மெல்லியது. முனைவரை மரக்கட்டை அதனைப் போர்த்தியிருக்கும். சுடும்பொழுது குழல் வீணைத் தந்திபோல் அதிர்கின்றது. ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக அதிர்ந்தால் குண்டுகள் ஓரிடத்தே கூடும். அதிர்வு மாறினால் சிதறும். அதிர்வை ஒருநிலைப்படுத்துவது மரமும் இரும்பும் தொடும் இடங்களே. தோட்டா அறைக்குக் கீழே குழலும் துப்பாக்கியின் உடலும் மரத்தில் அழுந்தி அமர்தல் வேண்டும். சுடும்பொழுது எழும் பின்னுதைப்பைத் தாங்கும் இரு மரத்தோள்கள் இருபுறமும் சமமாக இரும்பைத் தொடுதல் வேண்டும். நடுவே குழல் மரத்தைத் தொடலாகாது. முனைக்கு அருகில் ஒரு சிறு சுருள்வில்லும் முளையும் குழலை மேல்நோக்கி மெல்லத் தாங்கும். முனைப்பூண் அதனை இறுக்கிப் பிடியாது நிற்றல் வேண்டும். வீணையின் குதிரை தன் பலகையில் சிறிது ஆடினும் நாதம் கெடுதலை இசைவல்லார் அறிவர். இங்கும் நிலை அதுவே.

இவ்வமைப்பை ஆண்டுகள் எவ்வாறு கெடுக்கின்றன? இரும்பைக் காக்கத் தடவிய எண்ணெய் மரத்தினுள் ஊறி அதனை மென்மையாக்கும். மென்மையான மரத்தோள் பின்னுதைப்பால் நசுங்கும். ஒருபுறம் மிகுதியாக நசுங்கினால் துப்பாக்கியின் உடல் மரத்தினுள் பக்கவாட்டில் அசையும். சென்னையின் மழைக்காலத்தில் மரம் உப்பிக் குழலை ஒருபுறம் தள்ளும். கோடையில் உலர்ந்து சுருங்கித் திருகாணிகளைத் தளரவிடும். குழலைத் துடைத்தலும் தீங்காகலாம் என்பது வியப்பிற்குரிய செய்தி. துணிகட்டிக் குழலினுள் இழுக்கும் கயிற்றை நேரே இழுக்காது சாய்த்து இழுத்தால், பல்லாண்டுகளில் கயிறே குழல்முனையை ஒருபுறம் தேய்த்துவிடும். கிணற்றங்கரைக் கல்லிற் கயிறு தடம் பதிப்பதை யார் அறியார்? பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து உப்பை விட்டுச்செல்லும். அதனை எண்ணெய் நீக்காது. கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவுதலே பழைய படைமரபு. இதனைச் செய்யாது விட்ட குழல்கள் துருவால் அழிந்தன. ஆகவே பழமை தானே குறியைக் கெடுப்பதன்று. கவனியாது விட்ட பழமையே கெடுக்கின்றது.

இக்குறைகளைக் கண்டு தீர்ப்பவன் படைக்கலக் கைவினைஞன். படையிலும் காவற்படையிலும் ஆர்மரர் எனப்படுபவன். நசுங்கிய தோளை வெட்டி வன்மரத்துண்டு பதித்தல், இரும்பிற் கரிப்பூச்சு இட்டு மரத்தில் எங்கே படிகின்றது என்று கண்டு அவ்விடத்தை இழைத்தல், தாழ்ப்பாளின் தலையை மாற்றித் தோட்டா அறையின் இடைவெளியைச் சரிசெய்தல், வெவ்வேறு உயரமுள்ள முன்குறிகளுள் ஏற்றதைப் பொருத்தல் ஆகியவை அவன் தொழில். விசையை இருநிலையில் இழுபடுமாறு அமைத்தலும் அதனுட்படும். முதல்நிலை மெல்லிதாகவும் இரண்டாம்நிலை சற்று வலிதாகவும் இருந்தால், குண்டு எப்பொழுது புறப்படும் என்பதைச் சுடுவோன் விரல் அறியும். பெரும்பாலும் இவை தச்சு வேலையே. விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில், தேர்ந்தெடுத்த நான்காம் எண் துப்பாக்கிகளை இலண்டன் நகரத்து ஆலந்து அண்டு ஆலந்து நிறுவனத்தார் தொலைநோக்கி பொருத்திக் குறிவீரர்க்கு உரியனவாக மாற்றியபோது, மரக்கட்டையைச் செம்மையாகப் பொருத்துதலும் அப்பணியின் பகுதியாக இருந்தது.

ஈசாப்பூர்க் கைவினைஞர் ஒரு புதுமையும் செய்தனர். பின்னுதைப்பால் முன்கட்டை பிளவுறாதிருக்க, தோட்டாப்பெட்டிக்கு முன்னே மரத்தின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தினர். இங்கிலாந்து மூலவடிவில் இஃது இல்லை. இன்று உலகின் எப்பகுதியிலும் இத்துப்பாக்கிகளைச் சேர்த்து வைப்போர், அதனை ஈசாப்பூர்த் திருகாணி என்றே வழங்குகின்றனர். ஆஸ்திரேலியர் தம் நாட்டு மென்மரத்திற்குச் செப்புத் தகடு பதித்து இதே இடர்ப்பாட்டைத் தீர்த்தனர். ஒரே நோய்க்கு இருநாட்டார் தத்தம் மரத்திற்கு ஏற்ப இருவேறு மருந்து கண்டது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒரு மாறுபாட்டையும் குறித்தல் தகும். இத்துப்பாக்கியின் தாழ்ப்பாள் முன்புறத்தில் அன்றிப் பின்புறத்தில் பூட்டிக்கொள்வது. ஆதலின் சுடும்பொழுது உடல் சிறிது வளைந்து, குழல்முனை மேல்நோக்கி எழும். விரைவு குறைந்த குண்டு சற்றுத் தாழ்த்து வெளிப்படுதலின், முனை மேலும் உயர்ந்த நிலையில் அது புறப்படும். ஆகவே நெடுந்தொலைவில் விரைந்த குண்டும் மெலிந்த குண்டும் ஏறத்தாழ ஓரிடத்தே சேரும். பொறிநூலார் குறையென்று கருதிய அமைப்பே 800, 1000 கெஜப் போட்டிகளில் நன்மையாயிற்று. இங்கிலாந்தின் பிசுலித் திடலில் நெடுந்தொலைவுப் போட்டியாளர் லீ-என்பீல்டை விரும்பியதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேலைநாடுகளில் இப்பழந்துப்பாக்கிகள் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. அமெரிக்காவில் 1950, 1960-களில் அஞ்சல்வழி வாங்கித் தம் வீட்டுப் பட்டறையிலேயே அவற்றைத் திருத்துதல் பலர்க்குப் பொழுதுபோக்காயிற்று. முன்கட்டையை அறுத்துக் குறுக்கினர், புதுக்குறிகள் பொருத்தினர், பின்னாளில் கண்ணாடியிழையும் பசையும் கலந்து மரத்தினுள் வார்த்து இரும்பை அமர்த்தினர். இறுதியிற் கூறியது நற்பயன் தந்தது. ஆனால் அழகு கருதி முன்கட்டையை அறுத்தவர் பலர், முனையில் குழலைத் தாங்கிய அமைப்பையும் உடன் எறிந்து, மெல்லிய குழலின் குறியைத் தாமே கெடுத்தனர். திருத்தம் என்று கருதிச் செய்தது கேடாய் முடிந்தது. 1963-இல் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, தொலைநோக்கியுடன் 19 டாலர் 95 செண்டுக்கு அஞ்சல்வழி விற்கப்பட்ட இத்தாலியப் பழந்துப்பாக்கி. அந்நிகழ்ச்சியின் விளைவாக 1968-இல் எழுந்த சட்டம் அஞ்சல்வழி விற்பனையை நிறுத்தியது.

நம் நாட்டில் இவ்வீட்டுப் பட்டறை மரபு தோன்றவில்லை. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5-ஆம் பிரிவு துப்பாக்கியைச் செய்தலோடு மாற்றுதலையும், தொழில்முறையிற் செப்பனிடுதலையும் உரிமத்திற்கு உட்படுத்துகின்றது. 6-ஆம் பிரிவு குழலைக் குறுக்குதற்கும் உரிமம் வேண்டும் என்கின்றது. படைத்தோட்டா ஏற்கும் 0.303 விட்டத் தாழ்ப்பாள் துப்பாக்கி குடிமக்களுக்கு விலக்கப்பட்ட வகையினது. உரிமம் பெற்றார் வாங்கத்தக்கதாக ஈசாப்பூரார் செய்தது 0.315 விட்ட வேட்டைத் துப்பாக்கி. ஆஸ்திரியப் படையின் பழைய 8 மில்லிமீட்டர்த் தோட்டாவிற்கென லீ-என்பீல்டு தாழ்ப்பாளையே கொண்டு அமைந்தது அது. இவ்விலக்கின் காரணத்தை யாம் குறைகூறவில்லை. மக்கள் மிடைந்த நாட்டில் அது தேவையே. ஆயினும் அதன் விளைவு ஒன்று உண்டு. மேலைநாட்டில் பல்லாயிரவர் கையிற் பரவி நூல்களில் ஏறிய அறிவு, ஈங்குப் படைக்கொட்டிலின் சுவருக்குள்ளேயே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வாய்மொழியாகச் சென்றது.

குறியை வேண்டுமென்றே நீக்கிய வரலாறும் ஈசாப்பூருக்கு உண்டு. ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிகள் பலவற்றின் குழலை மழமழப்பாக 0.410 அங்குலத்திற்கு விரித்து, தோட்டாப்பெட்டியை அடைத்து, ஒருமுறைக்கு ஒரு தோட்டாவே கொள்ளுமாறு மாற்றிக் காவலர்க்கும் சிறைக்காவலர்க்கும் வழங்கினர். 1857-க்குப் பிந்திய முறை புது உருவில் மீண்டது என்பதன்றி வேறென் கூறுவது? காவலர் தோளிற் கண்டு மக்கள் ‘குறி நில்லாதது’ என்று முடிவுகட்டிய துப்பாக்கிகளுள் சில, குறி நில்லாதவாறே ஆக்கப்பட்டவை.

1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப்பின் ஈசாப்பூரார் இதே வடிவை 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவிற்கு ஏற்ப வன்மைமிக்க எஃகிற் செய்தனர். 2A என்றும், பின்குறியில் தொலைவளவு 800 மீட்டராகக் குறைக்கப்பட்டபின் 2A1 என்றும் அதற்குப் பெயர். அத்தோட்டாவிற்குரிய தானே இயங்கும் துப்பாக்கிகள் பெருகவே அதன் தேவை குறைந்தது. 1966-இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலை அப்புதுவகைகளின் காலத்தைச் சார்ந்தது. உத்தரப்பிரதேசக் காவற்படை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு ‘த்ரீ நாட் த்ரீ’க்கு விடைகொடுத்தது. 2021 அக்டோபர் 1 முதல் ஈசாப்பூரும் திருச்சிராப்பள்ளியும் ஒரே அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன.

கருவி நீங்கும்பொழுது அதனைச் செம்மை செய்த சொற்களும் உடன் நீங்கும். குதிரையையும் கெட்டித்தலையும் பேரகராதி ஏற்றுக் காத்தது; தாழ்ப்பாள் துப்பாக்கியின் உறுப்புகள் அதில் இடம்பெறவில்லை. முனைப்பூண், மரத்தோள், முன்கட்டை, திருகுவரி என ஈண்டு ஆண்ட பெயர்கள் பொருள் விளங்குதற்பொருட்டு யாம் அமைத்துக்கொண்டவை. பூண் என்பதை உலக்கையினின்றும், தோள் என்பதைத் தச்சர் வழக்கினின்றும் எடுத்தோம். ஆவடியிலும் பரங்கிமலையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்க் கைவினைஞர் நாவில் இவற்றிற்கு வேறு பெயர் வழங்குமாயின், அகராதியில் ஏறத்தக்கது அப்பெயரே.